பட்டு, ஜார்ஜெட், யூனிஃபார்ம், கஞ்சி வேட்டி எல்லாத்துக்கும் ஒரே அயர்ன் பாக்ஸ்: எதுக்கு எவ்வளவு சூடு வெக்கறீங்க?

கும்பகோணம்_சங்கரி

வணக்கம் மக்களே. எங்க தெருமுனையில வண்டி போட்டு தேய்ச்சிட்டு இருந்த அண்ணன் மகன் வீட்டோட போய் செட்டில் ஆயிட்டாரு, அடுத்த வண்டி ரொம்ப தள்ளி இருக்கு, அங்க குடுத்தா எப்ப திரும்பி வரும்னே சொல்ல முடியல. ஆவணில நாத்தனார் பொண்ணு கல்யாணம் வேற. அதனால எல்லாத்தையும் வீட்லயே தேய்ச்சுக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு.

பிரச்சனை என்னன்னா துணி ஒரு மாதிரி இல்ல. அம்மா குடுத்த காஞ்சிபுரம் பட்டு, கடையில சாஃப்ட் சில்க்னு சொல்லி குடுத்தது, ஆர்ட் சில்க்னு சொல்லி குடுத்தது, ஜார்ஜெட், பையனோட ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டுக்காரரோட லினன் சட்டை, மாமனாரோட கஞ்சி போட்ட வேட்டி. பழைய 1000 வாட்ஸ் சாதா பாக்ஸ் ஒண்ணு இருக்கு, கிரகப்பிரவேசத்துக்கு வந்த 2000 வாட்ஸ் ஸ்டீம் பாக்ஸ் பிரிக்காமயே இருக்கு. திருகுல நைலான், சில்க், வூல், காட்டன், லினன்னு போட்டிருக்கு. அப்ப கடைக்காரர் சில்க்னு சொன்னதெல்லாம் சில்க்ல வெச்சுடலாமா? பட்டுக்கு ஸ்டீம் காட்டலாமா கூடாதா? ஒரு வீடியோல காட்டலாம்ங்கறாங்க அடுத்த வீடியோல தொடவே கூடாதுங்கறாங்க, தலை சுத்துது.

பனியன்_மாஸ்டர்

அக்கா, திருப்பூர்லருந்து எழுதறேனுங்க. கார்மென்ட்ஸ்ல அயர்னிங் செக்சன்தான் நம்ம பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல கடைக்காரர் சொன்ன பேரை மறந்துருங்க. துணிக்குள்ள இருக்கற நூல் என்னன்னு மட்டும் பாருங்க. ஆர்ட் சில்க்ங்கறது பெரும்பாலும் பாலியஸ்டர், சிலது விஸ்கோஸ் ரேயான். பட்டுப்பூச்சிக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் கெடையாது. சாஃப்ட் சில்க்னு சொல்றதுல அசல் பட்டும் இருக்கு, பட்டே இல்லாததும் இருக்கு. நல்லவேளை பட்டும் பாலியஸ்டரும் திருகுல கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் வரும், அதனால அங்க பெருசா அடி விழாது. அடி விழறது நைலான், அக்ரிலிக், அப்பறம் ஜரிகை, இதுகள்ளதான்.

சட்டைக்குள்ள பக்கவாட்டு தையல்ல சின்ன லேபிள் இருக்கும் பாருங்க, அதுல அயர்ன் பாக்ஸ் படம் போட்டு உள்ள புள்ளி வெச்சிருப்பாங்க. ஒரு புள்ளின்னா பாக்ஸோட அடித்தகடு 110 டிகிரிக்கு மேல போகக்கூடாது, ரெண்டு புள்ளின்னா 150, மூணு புள்ளின்னா 200. படத்து மேல பெருக்கல் குறி போட்டிருந்தா தேய்க்கவே கூடாதுங்க. ஒரு புள்ளில வர்றது நைலான், அக்ரிலிக், அசிடேட். ரெண்டுல பட்டு, கம்பளி, பாலியஸ்டர், பாலியஸ்டர் கலந்த காட்டன். மூணுல சுத்தமான காட்டன், லினன். ரேயான் குர்த்தி நைட்டியெல்லாம் ரெண்டு புள்ளிலயே உள்பக்கமா திருப்பி தேய்ங்க. ஈரமா இருக்கறப்ப இழுத்துப் புடிச்சு தேய்க்காதீங்க, ரேயான் நனைஞ்சா வலு கொறைஞ்சு போயிரும், இழுத்த பக்கமே கோணிக்கும்.

கலப்புத் துணின்னா எது சூடு தாங்காதோ அதுக்குத்தான் வெக்கணும், எது அதிகமா கலந்திருக்கோ அதுக்கு இல்ல. உங்க பையன் யூனிஃபார்ம் டெரிகாட்டனாத்தான் இருக்கும், 67க்கு 33ன்னு பாலியஸ்டரும் காட்டனும். ‘காட்டன் மாதிரிதானே இருக்கு’ன்னு காட்டன்ல வெச்சு ஏத்தினா பேன்ட் தொடை பக்கமெல்லாம் பளபளன்னு ஆகிப்போகும், அது தொவைச்சாலும் போகாதுங்க. லெக்கின்ஸ்ல காட்டன் 95ன்னு போட்டு மிச்சம் எலாஸ்டேன்னு இருக்கும், அந்த 5 சதவீதத்துக்குத்தான் பயப்படணும், சூடு கூட ஆச்சுன்னா இழுவை செத்துப்போயிரும்.

இன்னொண்ணு, வரிசை. கொறைஞ்ச சூட்டுத் துணி மொதல்ல, காட்டன் லினன் கடைசில. பாக்ஸ் சூடாகறது சட்டுனு ஆயிரும், ஆறறதுக்குத்தான் நேரம் ஆகும். லினன் முடிச்ச கையோட திருகை சில்க்குக்கு திருப்பிட்டு ஒடனே பொடவை மேல வெக்கறவங்கதான் நெறைய பேரு, திருகு மாறிருச்சு ஆனா தகடு இன்னும் மாறலைங்க.

தறிவீடு

மாஸ்டர் நூலை பத்தி சொன்னார், நான் ஜரிகையை பத்தி சொல்றேன். எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து தறி.

அசல் ஜரிகைன்னா உள்ள பட்டு நூல், அது மேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். அரசாங்கத்தோட ஜரிகை ஆலை காஞ்சிபுரத்துலயே இருக்கு, சூரத்லேர்ந்தும் நெறைய வருது. ஆனா இப்ப விக்கற பொடவைங்கள்ல பாதிக்கு மேல அது இல்ல. ஒண்ணு செம்பு கம்பில பண்ண ஜரிகை, இல்லன்னா பிளாஸ்டிக் ஜரிகை, அதாவது பாலியஸ்டர் ஃபிலிம்ல மெட்டல் பூசி நாடா மாதிரி நறுக்கினது. சூட்டுல சுருண்டுக்கறது இதுதான். பார்டர் அலை அலையா எழும்பி நிக்கும், அதுக்கப்பறம் என்ன பண்ணாலும் படியாது. பட்டுக்கு சரியா இருக்கற சூடு இந்த ஜரிகைக்கு சரியா இருக்காது, அதான் விஷயம். அதனால ஜரிகை எதுன்னு தெரியலன்னா பார்டருக்கும் முந்திக்கும் சில்க்கை விட ஒரு படி கம்மியா வைங்க.

பட்டுக்கு எங்க வீட்டு முறை இதான்: உள்பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சு, அது மேல பழைய வெள்ளை காட்டன் வேட்டித் துணியை போட்டு, அந்த துணி மேலதான் பாக்ஸ் போகும். நேரா பட்டு மேல இல்ல. சாயத்துணி வேண்டாம், வெள்ளைதான், சூட்டுல சாயம் ஒட்டிக்கும். புட்டா போட்ட பொடவைன்னா உள்பக்கம் ஜரிகை இழை தொங்கும், பாக்ஸ் மூக்கு அதுல மாட்டினா இழுத்துடும், அதுக்கும் இந்த துணி உதவும். தண்ணி தெளிக்கவே தெளிக்காதீங்க. பட்டுல தண்ணி சொட்டு பட்டா திட்டு திட்டா நிக்கும், இஸ்திரி போட்டா அந்த திட்டு இன்னும் அழுத்தமா தெரியும்.

மடிப்பு மேல அழுத்தி கோடு போடறதையும் விட்டுடுங்க. பேன்ட்டுக்குத்தான் அது அழகு. ஜரிகை மேல அதே கோட்டுல திரும்ப திரும்ப அழுத்தினா ஒருநாள் அங்கயே விட்டுப்போகும். பீரோல வெக்கும்போதும் சில மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்தி மடிங்க.

கும்பகோணம்_சங்கரி

இவ்வளவு விவரமா யாருமே சொன்னதில்ல, ரெண்டு பேருக்கும் நன்றி. சாஃப்ட் சில்க்ல ஒரு டேக் தொங்குச்சு, பூச்சி படம் மாதிரி போட்டு சில்க் மார்க்னு இருந்துச்சு. அப்ப அது அசல்தானே, ஜரிகையும் சேத்துதானே?

தறிவீடு

சில்க் மார்க் மத்திய பட்டு வாரியம் 2004ல கொண்டு வந்தது. அந்த டேக் உண்மையா இருந்தா நூல் அசல் பட்டு, அவ்வளவுதான். ஜரிகைக்கு அது எந்த உத்தரவாதமும் இல்ல. அசல் பட்டுல பிளாஸ்டிக் ஜரிகை போட்ட பொடவைக்கும் அந்த டேக் இருக்கலாம், தப்பும் கெடையாது.

ஜரிகை பாக்கணும்னா முந்தி ஓரத்துல தொங்கற ஒரு இழையை எடுத்து மேல சுத்தியிருக்கறதை நகத்தால பிரிச்சு பாருங்க. உள்ள சிவப்பு நூல் தெரிஞ்சா நல்ல அறிகுறி, ஆனா அத மட்டும் வெச்சு அசல்னு சொல்லிட முடியாது, போலிலயும் சிவப்பு போடறாங்க. பிரிக்கவே எதுவும் இல்லாம மொத்தமும் பளபள நாடாவா இருந்தா அது பிளாஸ்டிக்தான், சந்தேகமே வேண்டாம்.

நூலுக்கு எரிச்சு பாக்கறதுதான் பழைய வழி. ஓரத்து நூல் ரெண்டு மூணு எடுத்து கொறடுல புடிச்சு, வாஷ் பேசின் மேல வெச்சு கொளுத்துங்க. பட்டுன்னா முடி கருகின வாடை வரும், கரி கையில நசுக்கினா பொடியாயிடும். பாலியஸ்டர் உருகி கெட்டியா மணியாட்டம் நின்னுடும், நசுங்காது. காட்டன் ரேயான்னா காகிதம் எரியற வாடை. பொடவையோட சேத்து கொளுத்திடாதீங்க, நூலை தனியா வெட்டி எடுத்துட்டு.

ஹாஸ்டல்_வாசி

மாஸ்டர் அண்ணே ஒரு டவுட். கெமிஸ்ட்ரில பாலியஸ்டர் உருகறது 260 டிகிரி கிட்டன்னு படிச்சேன். மூணு புள்ளியே 200தான்னா, அப்ப ஃபுல்லா வெச்சு தேய்ச்சாலும் உருகாதே? அப்பறம் ஏன் 150ன்னு போடறாங்க? சும்மா சேஃப்டிக்கா?

பனியன்_மாஸ்டர்

நல்ல கேள்வி தம்பி. உருகறதுக்கு முன்னாடியே கெட்டுப்போகும், அதான் விஷயம். பாலியஸ்டர் 70, 80 டிகிரிலயே எளக ஆரம்பிச்சுரும், கையில புடிச்சா தெரியாது ஆனா நூல் மெத்துனு ஆயிரும். அப்படி எளகின நூலை கனமான சூடான தகடு வெச்சு அமுக்கினா உருண்டை நூல் தட்டையாகி கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை திருப்பி அடிக்கும், அதான் நாம பளபளப்புன்னு சொல்றது. சூடு ஏற ஏற இது அதிகமாகும். அதோட எளகுனப்ப விழுந்த மடிப்பு ஆறுனப்பறம் அப்படியே நின்னுக்கும். ஸ்கூல் பாவாடை ப்ளீட்ஸ் எத்தனை தொவைச்சாலும் கலையாம நிக்குதே, அதை வேணும்னே சூட்டுல வெச்சு பண்றாங்க. நீ தப்பான எடத்துல மடிப்பு விழ வெச்சு ஃபுல் சூட்ல தேய்ச்சா அதுவும் அதே மாதிரி நிக்கும்.

இன்னும் ஒண்ணு. நீ போடற கிரிக்கெட் ஜெர்சி, பேரு நம்பரெல்லாம் போட்டது, அதுல டிசைன் சப்ளிமேஷன்ல ஏத்தறதுங்க, காகிதத்துல அச்சடிச்சு 200 டிகிரி கிட்ட அமுக்கினா சாயம் ஆவியாகி துணிக்குள்ள போகும். அதே சூட்டை நீ வீட்ல குடுத்தா சாயம் திரும்ப கெளம்பி உன் பாக்ஸ்லயும் பக்கத்து துணிலயும் போய் ஒக்காந்துரும். சாதா டி-ஷர்ட்ல ரப்பர் மாதிரி பிரிண்ட் இருந்தா உள்பக்கம் திருப்பிட்டுத்தான் தேய்க்கணும், பிரிண்ட் மேல பாக்ஸ் பட்டா இழுத்துட்டு வந்துரும்.

அப்பறம் திருகை நம்பறதும் ஒரு அளவுக்குத்தான். போட்ட ஒடனே மொத தடவ லைட் அணையறப்ப தகடு வெச்ச சூட்டை தாண்டி மேல போயிருக்கும். லைட் ஒருக்கா அணைஞ்சு, திரும்ப எரிஞ்சு, திரும்ப அணையட்டும், அதுக்கப்பறம் மெல்லிசு துணியை எடு. நைலான் ரகத்துல ஒண்ணு 220 டிகிரிலயே உருகிரும், அதுல இந்த ஏத்த எறக்கமே போதும் ஓட்டை விழறதுக்கு.

வயரிங்_அண்ணாச்சி

எல்லாரும் துணியப் பத்தியே பேசுதீக, ஆளப் பத்தி யாரும் பேசலையே.

சங்கரிம்மா, அந்த 2000 வாட்ஸ் ஸ்டீம் பாக்ஸ எந்த பிளக்குல சொருகப் போறீக? நம்ம வீடுகள்ல ஃபேனு டிவிக்கு போட்டிருக்கது 6 ஆம்பியர் சாக்கெட். 2000 வாட்ஸ 230 வோல்ட்டால வகுத்தா 8.7 ஆம்பியர் வருது. அது 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டுலதான் போடணும், ஃபிரிட்ஜ் வாட்டர் ஹீட்டர் போடுதோம்லா அது. பெரிய பின்னு சின்ன சாக்கெட்டுல ஏறலன்னு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுதாக பாருங்க, அதுக்கப்பறம் சாக்கெட்டு கருகி வாடை வந்தப்பறம் என்ன கூப்பிடுதாக. உங்க பழைய 1000 வாட்ஸ்க்கு 4.3 ஆம்பியர்தான், அது சின்ன சாக்கெட்டுலயே ஓடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல மட்டும் ரெண்டையும் போடாதீக, மெல்லிசு வயரு சூடாயிரும்.

அடுத்தது எர்த்து. மூணாவது பின்னு நீளமா தடியா இருக்கே, அது எதுக்குன்னா உள்ள காயில் கசிஞ்சு தகட்டுல கரன்ட் வந்தா அது வழியா போவட்டும்னுதான். பாக்ஸ தொட்டா லேசா விறுவிறுங்குதுன்னு சொல்லுவாக, ‘ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு’ன்னு சாதாரணமா சொல்லுவாக. அது சாதாரணம் இல்ல. ஒண்ணு பாக்ஸுல கசிவு, அதோட சேத்து வீட்டு எர்த்தும் ஒழுங்கா இல்லன்னு அர்த்தம். அந்த நிமிசமே பிளக்க புடுங்கிட்டு ஆளக் கூப்பிடணும். மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தா கசிஞ்ச ஒடனே ட்ரிப் ஆயிரும், இல்லன்னா போட்டுக்கிடுங்க, கல்யாண செலவோட இது ஒரு செலவு. வெறுங்கால்ல சிமெண்டு தரையில நின்னு தேய்க்காதீக, ரப்பர் செருப்பு போட்டுக்கிடுங்க. ஈரக்கையோட தொடவே வேண்டாம்.

வயரு விசயம் ஒண்ணு. அயர்ன் பாக்ஸ் வயருக்கு மேல நூல் பின்னியிருக்கும், பாத்திருப்பீக. அழகுக்கு இல்ல, சூடு பட்டா உருகக்கூடாதுன்னுதான். வயரு அந்து போச்சுன்னா சில பேரு கையில கெடச்ச பிளாஸ்டிக் வயர மாட்டி குடுத்துருதாக, அது சூடான தகட்டுல ஒருவாட்டி பட்டாலே தோலு உரிஞ்சு செம்பு தெரியும். மாத்தும்போது அயர்ன் பாக்ஸுக்குன்னே உள்ள வயருதான்னு கேட்டு வாங்கணும். சூடு ஆறுறதுக்கு முன்னாடி வயர பாக்ஸ சுத்தி கெட்டவும் கூடாது.

புதுசா வாங்குறவங்க ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, அயர்ன் பாக்ஸுக்கு ஐஎஸ் 366ன்னு நம்பரு போட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

வேட்டி பத்தி கேட்டிருந்தீங்களேம்மா, அது என் சப்ஜெக்ட். கஞ்சி போட்ட வேட்டில பழுப்புத் திட்டு வருதுன்னா பத்துல ஒம்போது தடவ காட்டன் கருகல, கஞ்சிதான் கருகுது. கஞ்சி கெட்டியா போட்டு, வடிகட்டாம, மொடமொடன்னு காயவிட்டு, அப்பறம் ஃபுல் சூட்ல வெச்சா தகட்டுல ஒட்டும், அந்த ஒட்டினது அடுத்த சட்டையில போய் அப்பும். அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ தண்ணியா கரைச்சு துணியில வடிகட்டி போடுங்க. முக்கால்வாசி காஞ்சதும் எடுத்து, உதறி மடிச்சு கொஞ்ச நேரம் சுருட்டி வெச்சா ஈரம் சமமா பரவும், அப்ப தேயுங்க, தண்ணி தெளிக்கற வேலையே இல்ல. மயில்கண் பார்டர், ஜரிகைக் கரை போட்டதுன்னா கரையை மட்டும் கடைசில, திருகை எறக்கிட்டு, ஆறவிட்டு தேயுங்க.

லினன் சட்டைக்கும் இதே ஈரக் கதைதான். முழுசா காஞ்ச லினனை ஹனுமாரே வந்து அழுத்தினாலும் சுருக்கம் போகாது.

ஸ்டீம்_ரசிகை

எல்லாரும் பழைய காலத்துலயே இருக்கீங்க 😀 ஸ்டீம் பாக்ஸ் இருந்தா தண்ணி தெளிக்கவும் வேணாம், சுருட்டி வெக்கவும் வேணாம். நான் பட்டுக்கும் ஸ்டீம்தான் காட்டறேன், ஒண்ணும் ஆனதில்ல.

தறிவீடு

ஆகாம இருக்கலாம், பொடவைக்கு பொடவை மாறும். ஸ்டீம் வர்றதுக்கு தகடு நல்லா சூடா இருக்கணும், பட்டுக்கு வெக்கற சூட்ல நெறைய பாக்ஸ் ஆவியை விடாம தண்ணியை சொட்டும். சிலதுல சொட்டாம தடுக்கற வால்வு இருக்கு, அது எல்லாத்துலயும் இல்ல. ஒரு சொட்டு முந்தி நடுவுல விழுந்தா அப்பறம் டிரைவாஷ்தான். அம்மா குடுத்த பொடவைல ஏன் சோதனை பண்ணணும்னுதான் கேக்கறேன்.

பனியன்_மாஸ்டர்

ஸ்டீம் நல்லதுதானுங்க, ஃபேக்டரில நாங்க எல்லாமே ஸ்டீம்தான். ஆனா எங்க டேபிள் கீழ வேக்குவம் இழுக்கும், ஆவி போட்ட ஒடனே ஈரத்தை உறிஞ்சிரும், அயர்ன் அடியில டெஃப்லான் ஷூ, அதாவது தகட்டுக்கு மாட்டற உறை, வேற மாட்டியிருப்போம். வீட்ல அது ரெண்டும் இல்லீங்களே. வீட்ல ஆவி போட்டா ஹேங்கர்ல கொஞ்ச நேரம் தொங்க விட்டுட்டு அப்பறம் மடிங்க, ஒடனே பீரோல வெச்சா ஈரவாடை அடிக்கும்.

ஜார்ஜெட் ஷிஃபானுக்கு, ஜமிக்கி எம்ப்ராய்டரி போட்ட பிளவுஸுக்கு, வெல்வெட்டுக்கு தொங்கவிட்டு தூரத்துலருந்து ஆவி காட்டறதுதான் பெஸ்ட், தகடு படவே வேணாம். வெல்வெட்ல தகடு பட்டா முடி படுத்துக்கும், அந்த எடம் மட்டும் வேற கலரா தெரியும். ஜமிக்கி பிளாஸ்டிக், ஒட்டுன கல்லு பசை, ரெண்டும் சூட்டுக்கு ஆகாது.

இன்னொரு சமாச்சாரம், தேய்க்கறதுக்கு கீழ என்ன விரிக்கறீங்க? மெத்தை மேல தேய்க்காதீங்க. டேபிள்ல பழைய காட்டன் போர்வை ரெண்டு மடிப்பு போடுங்க. மெத்து மெத்துன்னு இருக்கற டபுள் பெட் கம்பளி இருக்கே, அது கம்பளியே இல்லீங்க, பாலியஸ்டர், அது மேல காட்டன் சூட்ல வெச்சா கீழ உருகி ஒட்டிக்கும்.

கும்பகோணம்_சங்கரி

ஸ்டீம் பாக்ஸுக்கு எங்க ஊரு போர் தண்ணி ஊத்தலாமா? குடத்துல வெள்ளையா படியுமே அந்த தண்ணி. அப்பறம் பழைய பாக்ஸ் அடியில கறுப்பா ஏதோ ஒட்டியிருக்கு, பாராசிட்டமால் மாத்திரையை சூடான பாக்ஸ்ல தேய்ச்சா போயிடும்னு ஒரு வீடியோ பாத்தேன், செய்யலாமா?

வயரிங்_அண்ணாச்சி

போர் தண்ணி வேண்டாம். அதுல உள்ள சுண்ணாம்பு உப்பு உள்ள படிஞ்சு ஆவி வர்ற ஓட்டைய அடைச்சுக்கிடும், அப்பறம் திடீர்னு வெள்ளை வெள்ளையா துப்பும், அதுவும் உங்க கறுப்பு சுடிதார் மேலதான் துப்பும். ஆர்ஓ தண்ணி இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. பாக்ஸோட வந்த புஸ்தகத்த ஒருவாட்டி படிங்க, சில கம்பெனி எந்த தண்ணி வேணும்னு தெளிவா போட்டிருப்பான். வினிகர் ஊத்தி கழுவுங்கன்னு வீடியோ வரும், நெறைய புஸ்தகத்துல வினிகர் ஊத்தாதீகன்னே போட்டிருக்கும், உள்ள உள்ள ரப்பரும் பூச்சும் கெட்டுப்போவும். வேலை முடிஞ்சதும் மிச்சத் தண்ணிய கொட்டிருங்க. தண்ணி ஊத்தும்போதும் கொட்டும்போதும் பிளக்கு சாக்கெட்டுல இருக்கவே கூடாது.

ஸ்டாஃப்நர்ஸ்_மலர்

மாத்திரை வேண்டாம் சங்கரி. உருகி புகை வரும், அந்த புகையை மூஞ்சி கிட்ட வெச்சு இழுக்கறது, மாத்திரை சின்னதா இருக்கறதால விரல் தகட்டுல படறதுன்னு ரெண்டு வம்பு அதுல இருக்கு. பிளக்கை புடுங்கி, தகடு வெதுவெதுன்னு ஆறினதும், சமையல் சோடாவை கொஞ்சம் தண்ணி விட்டு குழைச்சு தடவி ஈரத்துணியால தொடைச்சாலே கஞ்சிக்கறை வந்துடும். துளைக்குள்ள சோடா போகாம பாத்துக்கங்க. உருகின நைலான் ஒட்டியிருந்தா தகட்டை லேசா சூடு பண்ணி, பிளக்கை புடுங்கிட்டு, மரக்கரண்டியால தள்ளுங்க. கத்தி, கம்பி நார் ரெண்டும் நான்-ஸ்டிக் தகட்டுக்கு ஆகாது, கோடு விழுந்தா அந்த கோடே பட்டுத் துணியை இழுக்கும்.

சொல்ல வந்தது வேற. கையில சுட்டுக்கிட்டா ஓடற சாதா தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, மோதிரம் வளையல் வீங்கறதுக்குள்ள கழட்டிடுங்க. ஐஸ், பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வெக்காதீங்க, கொப்புளத்தை குத்தாதீங்க. உள்ளங்கை அளவுக்கு மேலன்னா, இல்ல கொழந்தைன்னா, தண்ணி காட்டிட்டு நேரா ஆஸ்பத்திரி. தவழற கொழந்தைங்க தொங்கற வயரைத்தான் இழுக்கும், பாக்ஸ் மேல இருக்கறது அதுக்கு தெரியாது. தேய்ச்சு முடிச்சு ஸ்விட்சை அணைச்சப்பறமும் தகடு ரொம்ப நேரம் சூடாத்தான் இருக்கும், அதை தரையில வெச்சுட்டு போகாதீங்க.

சட்டை மேல பாடி ஸ்பிரே அடிச்சுட்டு ஒடனே தேய்க்கற பசங்களும் இங்க இருப்பீங்க. அதுல ஆல்கஹால் இருக்கு, ப்ரஷர் கேஸும் எரியற ரகம். வேண்டாம்.

ஸ்டீம்_ரசிகை

லேசா மஞ்சளா தீஞ்ச காட்டனை மீட்க முடியுமா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

வெள்ளைக் காட்டன்ல மஞ்சளா மட்டும் இருந்தா எலுமிச்சம்பழச் சாறு தடவி ஈரத்தோட வெயில்ல போடுங்க, ஓரளவு வெளுக்கும். பழுப்பு ஆயிட்டா நூலே வெந்துபோச்சுன்னு அர்த்தம், தேய்ச்சா கிழியும். பாலியஸ்டர் பளபளப்புக்கு மருந்து கெடையாது.

கும்பகோணம்_சங்கரி

சரி, நான் புரிஞ்சுகிட்டதை போடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. மொதல்ல ஜார்ஜெட், அது பாலியஸ்டரா நைலானான்னு தெரியாததால ஒரு புள்ளில, உள்பக்கம். அப்பறம் ஆர்ட் சில்க், யூனிஃபார்ம், சாஃப்ட் சில்க், பட்டு எல்லாம் ரெண்டு புள்ளிக்குள்ள, பட்டுக்கு மேல வெள்ளைத் துணி போட்டு, தண்ணி இல்லாம, ஜரிகைக்கு சூட்டை கொறைச்சு. கடைசில வேட்டி, லினன் ஈரத்தோட. ஸ்டீம் பாக்ஸ் சமையக்கட்டு பெரிய சாக்கெட்லதான் போட முடியும் எங்க வீட்ல, சிங்க் பக்கத்துல இருக்கு அது.

வயரிங்_அண்ணாச்சி

சிங்க் பக்கத்துல வேண்டாம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி ஹால்ல ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்க, போர்டுலருந்து தனியா, தடி வயருல. அதுவரைக்கும் பழைய 1000 வாட்ஸே போதும், நீங்க சொன்ன துணிக்கெல்லாம் ஸ்டீம் அவசியமே இல்ல.

பனியன்_மாஸ்டர்

லிஸ்ட் சரிங்க அக்கா. பட்டுப் பொடவையில ஃபால்ஸ் தைச்ச எடம் சுருங்கி இருந்தா அதை சூட்டால நிமுத்தப் பாக்காதீங்க, ஃபால்ஸ் துணி தொவைக்காம தைச்சதால சுருங்கியிருக்கும். பிரிச்சு தைக்கணும், எத்தனை அழுத்தினாலும் நிமிராதுங்க.

ஹாஸ்டல்_வாசி

எங்க ஹாஸ்டல்ல அயர்ன் பாக்ஸே தடை. வெள்ளிக்கிழமை பிளேஸ்மென்ட் இன்டர்வியூ. ரூம்மேட் ஹேர் ஸ்ட்ரெய்ட்னர்ல காலர் தேய்க்கலாம்ங்கறான், பண்ணலாமா?

ஸ்டாஃப்நர்ஸ்_மலர்

அது ஏறக்கொறைய 200 டிகிரி போகும் தம்பி, உன் சட்டை டெரிகாட்டனா இருந்தா காலர் காலி.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

நாங்க படிக்கறப்ப தட்டையான அடி உள்ள சொம்புல கொதிக்கற தண்ணி ஊத்தி, கைப்பிடித் துணியால புடிச்சு தேய்ப்போம். தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, அதனால எந்தத் துணியும் தீயாது. சொம்பு அடி சுத்தமா இருக்கணும், தண்ணி பாதி அளவு போதும், சிந்தினா கை போயிடும்.

பனியன்_மாஸ்டர்

சட்டை நிமிரும், ஆனா காலர் மொறைப்பா நிக்காதுங்க. லேசா ஈரம் பண்ணிட்டு தேய்ச்சா பரவால்லாம இருக்கும்.

ஹாஸ்டல்_வாசி

செம்ம ஐடியா சார், இன்னிக்கே ட்ரை பண்றேன்.

வயரிங்_அண்ணாச்சி

ஏலே, தண்ணிய எதுல கொதிக்க வெக்கப்போற? பக்கெட்டுல ஹீட்டர் ராடு போட்டு வெச்சிருக்கியோ? அதுவும் ஹாஸ்டல்ல தடைதாம்ல. மெஸ்ஸுல போய் கேட்டு வாங்கு.